பீரோவுக்குள் பத்து வாத்தியார்கள்

ஜனவரி 20, திங்கள்

இன்று முதல் நான் பதியப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைக் கிழக்குப் பார்த்து நின்று, இடது கையை மார்பில் வைத்து (வலது கையில் டீ), சத்தியப் பிரமாணமாகச் சொல்கிறேன். பத்து வாத்தியார்களை ஒரே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை இது. நம்புவீர்களா? மாட்டீர்கள். போகட்டும்.

சொல்கிறவன் யார் என்பதையும் சரித்திரம் அறிந்துகொள்ளட்டும். தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரம் வரைக்கும் பரந்து கிடக்கும் 'கொழுந்து சவுண்ட் சர்வீஸ்' என்னும் பேரரசின் ஒரே சக்கரவர்த்தி, திருமலைக்கொழுந்து ஆகிய நான். ஆறு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒன்றரை மைக். அந்த அரை மைக் அடித்தால்தான் பேசும். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அறிவிப்பாளரும் நானே. ஒருமுறை நான் "தேர் நிலைக்கு வந்துவிட்டது" என்று அறிவித்தபோது மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்று தன்னைச் சொல்வதாக நினைத்து நின்றுவிட்டது.

நாட்குறிப்பை நான் பேனாவால் எழுதுவதில்லை. எந்த ராஜா தன் கையால் எழுதினான்? ராஜா சொல்வான், ஆள் எழுதுவான். என் செல்போன் அந்த ஆள். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. என் சிந்தனையின் வேகத்துக்குப் பேனா தாங்காது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

சரி, சம்பவம். இன்று சிவகாமி விலாஸ் நடுநிலைப் பள்ளிக்குப் பத்து டேப்லெட் வந்து இறங்கின. ஏதோ ஒரு அறக்கட்டளை கொடுத்தது. வரவேற்பு விழாவுக்கு மைக்செட் அடியேன். செவ்வாயும் வெள்ளியும் வந்துபோகும் சிறப்பாசிரியை ஜெசிந்தா டீச்சர், திங்கட்கிழமையான இன்றே வந்து விளக்கம் சொன்னார். புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தால் போதுமாம், அந்தக் கருவி தமிழில் வாசித்துக் காட்டுமாம். வாசிக்கிற வார்த்தை திரையில் மஞ்சளாக மின்னுமாம். காது மந்தமான பிள்ளைக்கு நாம் பேசுவதை எழுத்தாக்கிக் கொடுக்குமாம். எழுத்து கண்ணில் நிற்காத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தது மாதிரி என்றார்.

தலைமையாசிரியர் குற்றாலலிங்கம் சார் பத்து வாத்தியார்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றினார், பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

அக்கா வீட்டில் இட்லி. எட்டு. சட்னி சுமார்.

ஜனவரி 24, வெள்ளி

ஒரு ஸ்பீக்கரைக் கழற்றப் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியர் அறையில் சாருக்கும் ஜெசிந்தா டீச்சருக்கும் போர். ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கிற சாக்கில் வாசலிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். துடைத்த துடைப்பில் அது புதிதாகிவிட்டது.

"சார், பூட்டி வச்சா பிள்ளைகளுக்கு எப்படி சார் பிரயோஜனப்படும்?"

"பிரயோஜனம் எங்க டீச்சர் ஓடிறப் போவுது? பத்திரமா உள்ளதான இருக்கு."

"நாலு பிள்ளைகளுக்கு நாலு டேப் கொடுங்க போதும்."

"ஒரு பய கீழ போட்டான்னா? ரிஜிஸ்டர்ல ஏறிட்டா அது பொருள் இல்ல டீச்சர், அது என் பென்ஷன். மே மாசம் நான் ரிட்டயர்டு. ஆடிட்காரன் வந்து, பத்துல ஒண்ணுல கீறல் இருக்கேன்னு கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்லுவிய?"

அந்த நாலு பிள்ளைகளில் ஒருத்தி என் அக்கா சண்முகக்கனியின் மகள். ஏழாம் வகுப்பு. பெயர் உலகேஸ்வரி, வீட்டில் உலகு. ஒருமுறை காதில் விழுந்ததை அவள் மறப்பதில்லை. நான் கொடைக்கு அறிவிக்கும் வரவேற்புரையை மூன்று வயதில் திருப்பிச் சொன்னவள். இரண்டு வயது என்றும் சொல்வார்கள். சொன்னவன் நான்தான். ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது என்பாள். 'பள்ளி' என்பதை முக்கால் நிமிடம் பார்த்துவிட்டு, வியர்த்துப்போய், "பல்லி" என்பாள். அது வாசித்ததல்ல, எதிரே சுவரில் பல்லி இருந்தது.

டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் பரம்பரைக்கே இல்லாத வியாதி.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். பத்து டேப்களும் பீரோவிலிருந்து எழுந்தருளி மேஜையில் மக்களுக்குக் காட்சி கொடுத்தன. ஆளுக்கொரு செவ்வந்தி மாலை. பிள்ளைகள் வரிசையில் வந்து, பிளாஸ்டிக் உறைக்கு மேலே ஒரு விரலால் தொட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். பிறகு நடை சாத்தப்பட்டது.

ஆரஞ்சு மிட்டாய் இரண்டு கிடைத்தது.

ஜனவரி 29, புதன்

உலகு என் கடைக்கு ஒரு நோட்டீசைக் கொண்டுவந்தாள். பள்ளியில் கொடுத்தார்களாம், விழாவாம், மைக்செட் நான்தானாம்.

"மாமா, இதுல என்ன போட்டிருக்கு?"

"நீதான படிக்கிற பிள்ள. நீ வாசி. உச்சரிப்பு எப்படி இருக்குன்னு நான் பாக்கேன்."

"உங்க கொரலுக்கு முன்னால என் கொரலு எடுபடுமா? நீங்களே வாசிங்க மாமா."

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் ஏட்டி."

"சட்டப் பையில இருக்குல்லா."

"அது தூரப் பார்வைக்கு."

"அப்பம் நான் தூரமா பிடிக்கேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நாலடி பின்னால் போய் நோட்டீசை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சக்கரவர்த்திக்கு வேறு வழி? கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஊர்ப் பொதுமக்களே" என்று ஆரம்பித்து, யானை ஊர்வலம், வாண வேடிக்கை, கரகாட்டம், இறுதியில் மாபெரும் அன்னதானம் என்று வாசித்து முடித்தேன். உலகு மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

இட்லி ஆறு. அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் காலையில் சாப்பிடும்போது பேப்பர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் சத்தமாக வாசிப்பாள். முப்பது வருடப் பழக்கம். நானாகக் கேட்பதில்லை, காதில் விழுகிறது, நான் என்ன செய்ய?

இன்று அந்த நோட்டீஸ் காதில் விழுந்தது. மொத்தம் நாலு வரி. பிப்ரவரி 14 அன்று கல்வி அதிகாரி வருகிறார். எல்லாப் பிள்ளைகளும் வாசித்துக் காட்டினால் பள்ளிக்கு 'முழு வாசிப்புப் பள்ளி' என்று கேடயம் தருவார்.

யானை இல்லை. அன்னதானம்கூட இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

சிரிக்க முடியாத நாள். ஆனாலும் முயல்கிறேன்.

தலைமையாசிரியர் என் அத்தானைக் கூப்பிட்டுவிட்டிருந்தார். அத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நயினார். வாய் திறந்து ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தைதான் பேசுவார். அதிலும் எட்டு ஹாரனுக்குப் பதிலாக. துணைக்கு நானும் போனேன்.

கேடயத்துக்குக் கணக்கு நூறு சதவீதம் வரவேண்டும். நாலு பிள்ளைகள் இடிக்கிறார்கள். மூன்று பேருக்கு 14-ஆம் தேதி காய்ச்சல் வரும் என்று இப்போதே ஏற்பாடாகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக வரும் காய்ச்சலை மருத்துவ உலகம் கண்டதில்லை. நாலாவது பிள்ளை உலகு. அவள், "எனக்குக் காய்ச்சல் வராது சார், நான் வருவேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"புத்திசாலிப் பிள்ளதான், இல்லங்கல" என்றார் சார். "ஆனா எழுத்து ஏறல. வருசமும் போவுது. பேசாம டிசி வாங்கிக்கிடுங்க. விண்ணப்பம் நானே எழுதி வச்சிட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி."

அத்தான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளைக்கு எட்டு வயதிலிருந்து இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருந்தது.

"சரக்கு ஏத்திட்டு ஓசூர் போறேன் சார். பதினாலாம் தேதி காலைல வந்து போட்டுத் தாரேன்."

வெளியே வந்து, "வேற பள்ளியா பாப்போமா அத்தான்?" என்று கேட்டேன்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல மாப்ள எழுத்து ஓடாம நிக்கும்? கடையத்துல எங்க அக்கா வீட்டுல விட்டா பீடியாவது சுத்தப் படிப்பா."

இன்றைய பதினோரு வார்த்தையையும் தாண்டிவிட்டார்.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பாட்டு. முப்பத்து நாலாம் பக்கம். மீன்கொத்திப் பறவை. அதிகாரி எந்தப் பிள்ளையை எழுப்பினாலும் அந்தப் பக்கத்தையே நீட்டுவது என்று திட்டம். ஆகவே பள்ளி முழுவதும் அதை மனப்பாடம் செய்கிறது. ஒன்றாம் வகுப்பும் சேர்ந்து. தெருவில் போகிற ஆடுகூட "மீன்கொத்தியின் அலகு நீளமானது" என்று கத்துவதை நான் என் காதால் கேட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று ராஜதந்திரம்.

சார்ஜ் போடாமல் வைத்தால் பேட்டரி செத்துவிடும் என்று ஜெசிந்தா டீச்சர் பயமுறுத்தியிருக்கிறார். எனவே வெள்ளிதோறும் பீரோவைத் திறந்து, பத்துக்கும் ஒரு மணி நேரம் மின்சாரம் படைத்து, திரும்பப் பூட்டுவதாக ஏற்பாடு. வயர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டேன்.

"சார், சவுண்டு டெஸ்ட் பண்ணியாச்சா?"

"அது என்னதுவே?"

"பேசுற மெசின்லா? பேசுதான்னு பாக்காம 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு ரிஜிஸ்டர்ல எழுதுனா, நாளைக்கு ஆடிட்டுல ஊமைன்னு தெரிஞ்சா, யார் தலை உருளும்?"

சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "டெஸ்ட் பண்ணி நீரே கையெழுத்துப் போட்டுத் தாரும்வே."

"அதுக்குக் கேக்க ஒரு காது வேணும். என் காது முப்பது வருச ஸ்பீக்கர்ல பழுத்த காது. கூர்மையான சின்னக் காதா ஒண்ணு வேணும் சார்."

ஜெசிந்தா டீச்சர் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பைத்தான். உலகைக் கூட்டிவந்தார்.

அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சமூக அறிவியல் புத்தகத்தைப் படம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நிமிடம் அவள் அசையவில்லை. மஞ்சள் வெளிச்சம் வார்த்தை வார்த்தையாக நகர, அவள் விரலும் கூடவே நகர்ந்தது. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். ஒரு மணி நேரத்தில் அந்தப் பாடம், முந்தைய பாடம், சார் மேஜையில் இருந்த சுற்றறிக்கை, பீரோவில் ஒட்டியிருந்த கம்பெனி விளம்பரம் வரை வாசித்துத் தள்ளினாள்.

"மாமா, இது உங்கள மாதிரி இல்ல. உணர்ச்சியே இல்லாம பேசுது."

"யாருக்குத்தான் என் கொரல் வரும்!"

"ஆனா எறும்பு ஓடல மாமா. வெளிச்சம் பட்ட எழுத்து மட்டும் நிக்கு."

பிறகு பைக்குள்ளிருந்து அந்த நோட்டீசை எடுத்தாள். படம் பிடித்தாள். கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

"இதுல யானையே இல்லையே மாமா."

மெசினில் கோளாறு. ஒன்று இரண்டு வார்த்தைகளை விழுங்குகிறது போலிருக்கிறது. ரிஜிஸ்டரில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று சார் எழுதியதன் கீழே என் புகழ்பெற்ற கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கையெழுத்தை மூன்று மாதம் பழகினேன். மயில் தோகை விரித்த மாதிரி இருக்கும். அதில் எழுத்து எது என்று யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காலை ஆறு மணிக்கு மைக்கைப் பிடித்தவன் மதியம் இரண்டு மணிக்குத்தான் வைத்தேன். உபயதாரர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், ஊர், தகப்பனார் பெயரோடு, கையில் தாள் இல்லாமல். கூட்டம் சொக்கிப்போய் நின்றது. முருகனே ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

உலகு நாள் முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பானகம் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"லிஸ்டை எங்கம்மா எத்தன தடவ வாசிச்சா மாமா?"

"ரெண்டு தடவ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"எனக்கு ஒரு தடவ போதும்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடக்கம் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

விழா.

நிகழ்ச்சி நிரல் அக்கா புண்ணியத்தில் நேற்றே மனப்பாடம். விடியற்காலையில் மைக்செட்டைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். வண்டி கனத்தது. வயர்ச் சுருளைத் தூக்கினால் உள்ளே உலகு உட்கார்ந்திருக்கிறாள், யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி.

"உன்னய வரக்கூடாதுன்னுல்லா சொல்லியிருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்குதான வரக்கூடாது? நான் மைக்செட்டுக்கு வாரேன்."

மேடைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம், ஆம்ப்ளிஃபயர் மேஜைக்கு அடியில் அவளுக்கு இடம். மேடையில் பத்து டேப்களும் மாலையோடு கொலு. ஒன்றை மட்டும் 'சவுண்டு டெஸ்ட்' என்று சொல்லி எடுத்து உள்ளே கொடுத்தேன். இனி இந்தச் சொல்லைச் சொன்னால் சார் கிணற்றுக்குள்ளேகூட இறங்குவார்.

அத்தான் ஓசூரிலிருந்து நேராக வந்துவிட்டார். அழுக்குச் சட்டையோடு கடைசி பெஞ்சில். கையில் அந்த விண்ணப்பம், பேனா. விழா முடிந்ததும் கையெழுத்து.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. இறங்கியது வேறு அதிகாரி. எதிர்பார்த்தவர் மாறுதலாகிவிட்டாராம், இவர் புதியவர், கண்டிப்பான முகம், ஒரு அம்மையார். சார் ஓடிவந்து என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

"வே கொழுந்து, புது வரவேற்புரை. பேரு, பட்டம், பதவி எல்லாம் இதுல இருக்கு. ஒரு எழுத்து மாறக்கூடாது. அப்படியே பாத்து வாசியும்."

அப்படியே பார்த்தேன். வாசிப்பதுதான்...

வெயில் அதிகம். கண்ணாடியில் தூசி. மைக்கை இரண்டு முறை ஊதினேன், "ஹலோ" என்றேன். மூன்றாவது முறையும் "ஹலோ" என்றேன். நானூறு பேர். முன்வரிசையில் ஒருவர் இருமினார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. தாள் போய்விட்டது.

"கொடுங்க மாமா. வாயசைக்காதிய."

கால் நிமிடம் கழித்து, மேஜைக்கு அடியில் கிடந்த என் அரை மைக்கிலிருந்து, அதுவரை அடித்தால் மட்டுமே பேசிவந்த அந்த மைக்கிலிருந்து, கணீரென்று ஒரு பெண் பிள்ளையின் குரல். முழுப் பெயர், மூன்று பட்டங்கள், பதவி, வரவேற்பு. என்னுடைய ஏற்ற இறக்கம், என்னுடைய நிறுத்தம், ஆனால் என்னைவிடத் தெளிவு. இதை நான் பொறாமையின்றிச் சொல்கிறேன் என்பதை நீங்கள் நம்பவேண்டாம்.

அதிகாரி அம்மா புன்னகைத்தார். "பிரமாதமா வாசிக்கிற பிள்ளையா இருக்கே! மேடைக்கு வரச் சொல்லுங்க. முதல் வாசிப்பு அவளே வாசிக்கட்டும்."

சாரின் முகத்தில் இருந்த நூறு சதவீதமும் வடிந்தது. உலகு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். தலையில் ஒட்டடை. அம்மையார் கையில் இருந்த புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். முப்பத்து நாலு இல்லை.

அவள் பார்த்தாள். நாங்கள் பார்த்தோம். நேரம் போனது.

"எனக்கு வாசிக்க வராது டீச்சர்" என்றாள், மைக்கிலேயே.

கூட்டம் சிரித்தது. சும்மா இல்லை, பின்வரிசை வரை எழுந்து நின்று சிரித்தது. "பட்டியல்லயே இல்லாத பிள்ள மேடம்" என்று சார் அவசரமாகச் சொன்னார். "டிசி வாங்குது. அவுக அப்பா இங்கதான் இருக்காவ." அத்தான் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. விண்ணப்பத்தை முட்டியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். உலகு மேடையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயர் வெடித்தது.

ஆமாம், வெடித்தது. இடி மாதிரி. புகை மலை உயரம் எழுந்தது. அதனால்தான் நானூறு பேரும் சட்டென்று வாயடைத்துப்போய் என்னைப் பார்த்தார்கள். வேறு காரணம் இல்லை. ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. அத்தான் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புகை காரணமாக.

அம்மையார்தான் முதலில் பேசினார். உலகிடம், இப்போது மெதுவாக. "அப்ப அந்தத் தாளை எப்படிம்மா வாசிச்ச?"

"நான் வாசிக்கல டீச்சர். இது வாசிச்சிச்சு. நான் கேட்டுச் சொன்னேன்." திரைக்குள் போய் டேபை எடுத்துவந்து காட்டினாள். அதே புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்தாள், ஹெட்ஃபோனில் கேட்டாள், புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள். குளத்துக் கரையை உயர்த்துவதைப் பற்றிய பாடம். சொல்லிவிட்டு, "கரைய மட்டும் ஒசத்துனா போதுமா டீச்சர், மடைய யாரு பாப்பா?" என்று அவளாக ஒரு கேள்வியும் கேட்டாள்.

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டு, பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிட்டார். ஒரு வாசிப்பு வீரன் வந்தான். சார் ஜாடை காட்ட, முப்பத்து நாலாம் பக்கத்தை மூச்சுவிடாமல் முழங்கினான். அருமை. "மீன்கொத்தி எதைத் தின்னும் தம்பி?" என்றார் அம்மையார். அவன் மறுபடியும் முதலிலிருந்து முழங்கினான். அவன் கையில் புத்தகம் தலைகீழாக இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அம்மையார் முன்பே கவனித்திருந்தார்.

அத்தான் மேடைக்கு வந்தார். பேனாவுக்கு மூடியைப் போட்டார். அது 'டக்' என்று மைக்கில் கேட்டது.

"கையெழுத்துப் போடல சார்" என்றார். "எம்பிள்ள இங்கதான் படிக்கும்."

ஆறு வார்த்தை. அத்தனையும் ஹாரன்.

பிப்ரவரி 15, சனி

ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்ததும் மாஸ்டர் கேளாமலேயே பேப்பரை எடுத்து எனக்குத் தலைப்புச் செய்தி வாசிக்க ஆரம்பித்தான். பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "அண்ணாச்சி, இது புளியங்குடி வண்டி" என்று வலிய வந்து சொன்னார். நான் எந்த வண்டிக்கும் நிற்கவில்லை.

மத்தியானம் கடைக்கு மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர் பரோட்டா மாஸ்டர். ஒருவர் முன்னாள் வார்டு மெம்பர். மூன்றாமவர் பெயரைச் சொல்லமாட்டேன், ஊரில் பாதி நிலம் அவருடையது. மூவரும் முதலில் ஸ்பீக்கர் வாடகை விசாரித்தார்கள், வாசலை ஒருமுறை பார்த்தார்கள், குரலைத் தாழ்த்தினார்கள்.

"அண்ணாச்சி, அந்த மெசினு பெரியாளுக்கும் வாசிக்குமா?"

பிப்ரவரி 17, திங்கள்

கேடயம் வரவில்லை. அதற்காகச் சார் சுவரில் முன்கூட்டியே அடித்த ஆணி மட்டும் இருக்கிறது. இப்போது அதில் தன் குடையை மாட்டுகிறார். அம்மையார் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பில் இரண்டே வரியாம். அக்கா சத்தமாக வாசித்தாள். கருவிகள் வகுப்பில் இருக்கவேண்டும். கீறல் விழுந்தால் பயன்படுத்தியதற்கான அத்தாட்சியாகக் கொள்ளப்படும்.

சார் அதை மூன்று தடவை படித்துவிட்டு, மூன்று நகல் எடுத்து, ஒன்றை ரிஜிஸ்டரில் ஒட்டி, ஒன்றை மடித்துப் பர்ஸில் வைத்து, ஒன்றை உலகிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாராம். பிறகுதான் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். பாவம், முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் யாரும் அவருக்குக் கீறலுக்கு அனுமதி கொடுத்ததில்லை.

காய்ச்சல்கார மூன்று பேரும் குணமாகி வந்துவிட்டார்கள். அதில் காது மந்தமான ஒரு பிள்ளைக்கு, டீச்சர் பேசுவது திரையில் எழுத்தாக ஓடுகிறதாம். முதல் நாளே அவன், "டீச்சர் இவ்வளவு திட்டுவாங்கன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது" என்றிருக்கிறான்.

பிப்ரவரி 20, வியாழன்

உலகு பரீட்சையில் இருபதுக்குப் பதினொன்று. எறும்புகள் முழுவதும் போகவில்லை, கொஞ்சம் மெதுவாக ஓடுகின்றன என்றாள். ஒரு டேபில் கீறல் விழுந்துவிட்டது. விழுந்தது அவள் கையில்தான். சார் வந்து கீறலைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

இட்லி பத்து. அக்கா இன்று எதையும் வாசிக்கவில்லை. பேப்பரைப் படம் பிடித்து, போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் குரலுக்கு உணர்ச்சியே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று உலகு என் போனை வாசிக்கவிட்டு இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து கேட்டாள். நான் வெளியே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. பிறகு சத்தம் நின்றது. வெளியே வந்தாள்.

"மாமா, எல்லாப் பொய்யும் நல்லா இருக்கு. பதினாலாந் தேதி மட்டும் மாத்திருங்க."

"என்ன மாத்த?"

"ஆம்ப்ளிஃபயரு வெடிக்கவே இல்லையே."

நான் ஒரு சக்கரவர்த்தி. சக்கரவர்த்திகள் திருத்தம் வெளியிடுவதில்லை. ஆனால் அவள் போகாமல் நிற்கிறாள், இதைப் பதியும்போதும் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால், அவள் பங்குக்கு நடந்ததை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவளுக்குப் பொய் வராது. என் பங்குக்கு இதில் ஒரே ஒரு சின்ன இடம்தான் உண்மை, அதையும் நான் மறைத்துவிட்டேன். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, நான் மைக்கைப் பிடித்து, எவரும் எனக்கு வாசித்துக் காட்டாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"எனக்கும் வாசிக்கத் தெரியாதுய்யா. சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை.